பதினேழாம் படுக்கை

உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரில் அரசு மருத்துவமனை ஒன்று. அதன் ஆண்கள் பொது வார்டில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

வாசல் பலகையில் சீடரின் பெயர் மட்டும் இருந்தது. டாக்டர் தணிகாசலம், தலைமை மருத்துவர். குருவின் பெயருக்குப் பலகையில் இடம் விடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. அவர் வார்டு நர்ஸ் ஜெபமணி.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்தொன்று.

படித்ததில் சந்தேகம் வந்தால் டாக்டர் தன் அறையில் புத்தகத்தைப் புரட்டுவார். படிக்காததில் சந்தேகம் வந்தால் ஜெபமணியின் மேசைக்கு எதிரே வந்து நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அப்படி ஒருநாள் மத்தியானம் வந்து நின்றார்.

"சிஸ்டர், ரவுண்ட்ஸ் ஒழுங்கா நடக்க மாட்டேங்குது."

"ஆமா சார்."

"மேலிடத்துல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. தினமும் ஒரே நேரம். டாக்டருங்க, நர்ஸ் எல்லாரும் ஒண்ணாப் படுக்கை படுக்கையா நின்னு பார்க்கணும். ஒரு படுக்கையும் விடக்கூடாது. எட்டரை மணின்னு சுவத்துல எழுதிப் போட்டேன்."

"அழகா எழுதியிருக்கீங்க."

"படிவம் அடிச்சுக் குடுத்தேன். யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு, எல்லாத்துக்கும் ஒரு கட்டம். பத்து நாள் நடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் ஒன்பதரை, ஒரு நாள் பதினொண்ணு. முந்தாநாள் ஒரு மணி ஆயிடுச்சு. ஒருநாள் நீங்க ஊசி போடப் போயிடுறீங்க. ஒருநாள் என்னையே மீட்டிங்னு இழுத்துட்டுப் போயிடுறாங்க. ஆனா படிவத்தில மட்டும் எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்கு."

"டிக் போடுறதுக்கு நேரம் ஆகாது சார்."

டாக்டர் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க சிஸ்டர். தினமும் மாறாம நடக்க என்ன செய்யணும்?"

ஜெபமணி மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. கோட்டு வேண்டாம், ஸ்டெத் வேண்டாம். ஏதாவது ஒரு படுக்கைப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும்."

"ரவுண்ட்ஸ் எடுக்குறதே நான்தானே சிஸ்டர்?"

"அதான் சார். நீங்க வர்ற வரைக்கும் உக்காந்திருங்க."

*

டாக்டர் பதினேழாம் படுக்கையைத் தேர்ந்தெடுத்தார். காரணம் இருந்தது.

அந்தப் படுக்கையில் இருந்தவர் ஆவுடையப்பன். உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவர். இதயம் பலவீனப்பட்டு, உடம்பில் நீர் கோத்து, இரண்டு காலும் தூண்போல வீங்கி வந்து சேர்ந்தவர். நீரைப் பிரிக்கும் மாத்திரை காலையில் ஒன்று கொடுத்தார் டாக்டர். வீக்கம் இறங்கவில்லை. இரண்டாக்கினார். அப்போதும் இறங்கவில்லை. பதினோரு நாள் ஆகிவிட்டது. முந்திய நாள்தான் உதவி டாக்டரிடம் சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரு நாள் பார்ப்போம். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் 'பெரிய ஆஸ்பத்திரி' என்பது எந்த மொழியில் சொன்னாலும் ஏழைகளுக்குப் புரியும்.

காலை ஆறு மணிக்கு, வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக டாக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆவுடையப்பனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பார்த்த நாளெல்லாம் டாக்டர் முகக்கவசத்துக்கு மேலிருந்து அவருடைய கால்களைப் பார்த்திருந்தார். அவர் டாக்டருடைய கோட்டைப் பார்த்திருந்தார்.

"யாரப் பாக்க வந்திருக்கிய?" என்றார் ஆவுடையப்பன்.

"இங்க ஒருத்தர் வரணும். காத்திருக்கேன்."

"நாங்களும் அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்." ஆவுடையப்பன் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

அவருடைய மனைவி சொர்ணம் கட்டிலுக்கடியில் இருந்து எழுந்து பாயைச் சுருட்டினாள். ஈரத் துணியால் கணவரின் முகத்தைத் துடைத்தாள். தலை சீவிவிட்டாள். சட்டைப் பித்தானைப் போட்டாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல ஆவுடையப்பன் நேராக உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு வாய் காப்பி குடிக்கியளா?" என்றாள் கணவரிடம்.

"வேண்டாம்."

"நாக்கையாவது நனைங்களேன்."

"குடிச்சா எந்திரிக்கணும். ரவுண்ட்ஸ் முடியட்டும்."

டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு அந்த நேரத்து வார்டு புதிது. இருபத்துநாலு படுக்கையிலும் யாரோ யாருக்கோ தலை சீவிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் படுக்கைக்காரர் பொய்ப்பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார். எல்லோருடைய கண்ணும் வாசலில் இருந்தது.

"டாக்டரு எப்ப வருவாரு?" என்று கேட்டார் தணிகாசலம்.

"அது யாருக்குத் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன். "மழை மாதிரிதான். வந்தாத்தான் உண்டு."

"சுவத்துல எட்டரைன்னு எழுதியிருக்கே."

"எங்க உப்பளத்துலகூட எட்டு மணி நேர வேலைன்னு போர்டு இருந்துச்சு."

ஏழரை மணிக்கு ஜெபமணி மருந்துத் தட்டோடு வந்தார். டாக்டரைப் பார்த்தும் பார்க்காததுபோல, ஆவுடையப்பனின் உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்தார். "போட்டுக்கோங்க அண்ணாச்சி." அவர் தலையாட்டினார். ஜெபமணி தாளில் டிக் போட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனார். அவருக்கு இன்னும் ஏழு படுக்கை இருந்தது. இன்னொரு நர்ஸ் வேலைக்கு வர வேண்டிய இடம் இரண்டு வருடமாகக் காலி.

எட்டு மணிக்குக் காவலாளி வந்தான். ஒப்பந்தக் கம்பெனி வாரத்துக்கு ஒரு ஆளை மாற்றி அனுப்பும். இந்த ஆள் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"ரவுண்ட்ஸ் வர்ற நேரம்! கூட இருக்கிறவங்க எல்லாரும் வெளிய போங்க! பாயைத் தூக்கு, தூக்குவாளியத் தூக்கு! யோவ் பெரியவரே, உமக்குத் தனியாச் சொல்லணுமா?"

டாக்டர் ஸ்டூலிலேயே இருந்தார்.

"எந்திரியும்யா. டாக்டர் வந்து பார்த்தாருன்னா என்னைத்தான் கடிச்சுத் துப்புவாரு."

டாக்டர் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி ஊசியில் மருந்து ஏற்றுவதில் கவனமாக இருந்தார்.

டாக்டர் எழுந்து வெளியே போனார்.

*

தாழ்வாரத்தில் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள். சொர்ணம் தன் பாயை விரித்து ஓரத்தைத் தட்டினாள்.

"உக்காருங்க. சீக்கிரம் உள்ள விடமாட்டாவ."

டாக்டர் உட்கார்ந்தார்.

"தினமும் இப்படித்தான் வெளிய அனுப்புவாங்களா?"

"ஆமா. ராத்திரி அவியளுக்கு எத்தன தடவ மூச்சு முட்டிச்சுன்னு எனக்குத்தான் தெரியும். டாக்டரு வரையில நான் இங்க கெடப்பேன். அவியகிட்ட கேட்டா 'நல்லா இருக்கேன் அய்யா'ம்பாவ. பெரிய மனுசங்க முன்னாடி வேற என்னத்தச் சொல்லுவாவ?"

சொர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாவளாம். எங்க தெருவுல இருந்து அங்க போனவிய ஒருத்தரும் நடந்து திரும்பல."

"வீக்கம் இறங்கலேன்னுதானே அனுப்புறாங்க?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படி எறங்கும்? அவியதான் மாத்திரையே போடுறதில்லையே."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"யார்கிட்டயும் சொல்லிராதீய. மூணு நாளா டாக்டருகிட்ட சொல்லிரலாம்னு பாக்கேன். வாசல்ல விட்டாத்தான."

"ஏன் போடுறதில்ல?"

"அந்த மாத்திரையப் போட்டா அர மணிக்கு ஒருக்க ஒண்ணுக்குப் போகணும். கக்கூசு அந்தக் கடைசியில இருக்கு. அங்க ஒரு வரிசை நிக்கும். அவிய நடந்து போயி வரதுக்குள்ள ஒரு யுகம் ஆயிரும். வந்து சேந்த ரெண்டாம் நாளு அப்படித்தான் போனாவ. திரும்பி வந்தா ரவுண்ட்ஸ் முடிஞ்சு போச்சு. படுக்கை காலியா இருந்துச்சுன்னு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாவளாம். 'நாளைக்கு வருவாங்க'ன்னாவ. மறுநாளும் அதே கத. அன்னிக்கு அவிய கட்டில்ல உக்காந்து அழுதாவ. முப்பத்தஞ்சு வருசத்துல அவிய அழுது நான் பாத்ததில்ல."

"அப்புறம்?"

"'டாக்டரு பாக்காம என்ன வைத்தியம் சொர்ணம்? நான் எடத்த விட்டு நவுரமாட்டேன்'னாவ. அன்னையில இருந்து அந்த மாத்திரைய மட்டும் தீப்பெட்டியில போட்டு வச்சிருக்காவ."

"ரவுண்ட்ஸ் முடிஞ்சப்புறம் போடலாமே?"

"நானும் சொன்னேன். காலை மாத்திரைய மத்தியானம் போட்டா வெசமாயிரும்னு பதினாறாம் பெட்டுக்காரரு சொல்லிட்டாரு. அவரு மக கம்பவுண்டரு வீட்டுல வாக்கப்பட்டிருக்கா."

உள்ளே எதுவும் நடக்கவில்லை. ரவுண்ட்ஸ் எடுக்க வேண்டியவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நோயாளியின் தாளில் என்ன இருந்தது என்று டாக்டருக்கு நினைவு வந்தது. 'படுக்கையில் இல்லை.' அவருடைய கையெழுத்துத்தான். சுத்தமான கையெழுத்து.

"அம்மா," என்றார். "நான்தான் அந்த டாக்டர்."

சொர்ணம் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தூக்குவாளி உருண்டது. பாயிலிருந்து விலகி நின்று கைகூப்பினாள்.

"அவியள ஏசிராதீங்க அய்யா. பச்சப்புள்ள மாதிரி அவிய. நான்தான் வாயி நீளமாப் பேசிட்டேன்."

டாக்டர் தூக்குவாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"என்கூட வாங்க," என்றார்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். பின்னாலிருந்து பயிற்சி டாக்டர் நிவேதா ஓடிவந்தாள். "சார், உங்களை எங்கெல்லாம் தேடுறது!" காவலாளியின் கை தானாக இறங்கியது.

"இவங்களும் உள்ள வருவாங்க," என்றார் டாக்டர். "இனிமே ரவுண்ட்ஸ் நேரத்துல, ஒரு நோயாளிக்கு ஒருத்தர் கூட இருக்கட்டும்."

"சரி சார். மன்னிச்சிருங்க சார். பெரியவரேன்னு..."

"அது சரியாத்தான் சொன்னீங்க."

ஆவுடையப்பன் டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒண்ணுகூடத் தொலைக்கல அய்யா. எல்லாம் பத்திரமா இருக்கு. கெவுருமெண்டு மாத்திரை."

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவருடைய வீங்கிய காலின்மேல் கையை வைத்திருந்தார். பரிசோதனைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஜெபமணி தீப்பெட்டியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நானும் எல்லாத்துக்கும் டிக் போட்டேன் சார்," என்றார்.

*

அன்று மத்தியானம் டாக்டர் மறுபடி மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைச்சிட்டேன். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல சிஸ்டர். ரவுண்ட்ஸ் மாறாம நடக்க என்ன வழி?"

"எட்டரைக்கு வருவேன்னு சொல்லுங்க."

"அதான் எழுதிப் போட்டிருக்கேனே."

"நீங்க சுவர்கிட்ட சொல்லியிருக்கீங்க சார்."

டாக்டர் பதினேழாம் படுக்கைக்குப் போனார். "அண்ணாச்சி, நாளையில இருந்து எட்டரைக்கு வருவேன். நீங்க எந்திரிச்சுப் போயிருந்தாலும் வர்ற வரைக்கும் நிப்போம். காலையிலயே மாத்திரையைப் போட்டுக்கோங்க."

"ஆகட்டும் அய்யா," என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் எட்டரைக்கு டாக்டர் வந்தார். ஆவுடையப்பன் தலை சீவி, பித்தான் போட்டு, நேராக உட்கார்ந்திருந்தார். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு நகர்ந்த பிறகு வாயில் போட்டுக்கொண்டார். ஜெபமணி அவர் விழுங்கும்வரை நின்றுவிட்டுத்தான் டிக் போட்டார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

வீக்கம் முழங்காலில் இருந்து இறங்கியது. கணுக்காலில் எலும்பு தெரிந்தது. சொர்ணம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் தினமும் வர்றேன்," என்றார் டாக்டர் மேசைக்கு எதிரே நின்று. "ஆனா அவர் இன்னும் எனக்காகக் காத்திருந்துதான் மாத்திரை போடுறாரு. ஏழரைக்கே போடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமே."

"சொன்னா போட்டுக்குவாரு சார். உடனே போட்டுக்குவாரு. இங்க வர்றவங்க சொன்னதைக் கேக்காம எங்க போவாங்க?"

"அப்ப?"

"சொல்லமாட்டேன். அவராப் போடணும்."

ஐந்தாம் நாள் எட்டே காலுக்கு டாக்டரை அவசரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மாவட்ட அதிகாரி வந்திருந்தார். பாதி மாடிப்படி ஏறிய டாக்டர் நின்றார். திரும்பி இறங்கினார். வார்டுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க. பத்து மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் காப்பி குடிங்க, கக்கூஸ் போங்க, காலை நீட்டிப் படுங்க. பத்து மணி."

கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்கு அங்கே பேச்சு வாங்கினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி பேசிக்கொண்டிருக்கையிலேயே எழுந்து வந்துவிட்டார். அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

"நம்ம ரவுண்ட்ஸ் படிவத்துல இதுக்குக் கட்டம் இல்ல சிஸ்டர்," என்றார் கடிதத்தைக் காட்டி.

ஜெபமணி முதல்முறையாகச் சிரித்தார். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அன்று டாக்டர் உட்கார்ந்தார்.

*

ஒன்பதாம் நாள் காலை எட்டரை. டாக்டர், இரண்டு உதவி டாக்டர்கள், நிவேதா, ஜெபமணி ஐந்து பேரும் படுக்கை படுக்கையாக நகர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நோயாளியின் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

பதினேழாம் படுக்கை காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. காலிக் காப்பி டம்ளர் ஒன்று சன்னலில் இருந்தது.

நிவேதா தாளைப் புரட்டினாள். "பேஷன்ட் இல்ல சார். பதினெட்டைப் பார்த்துடலாமா?"

சொர்ணம் கட்டிலின் மறுபுறம் நின்றாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"அவிய கக்கூசுக்குப் போயிருக்காவ அய்யா. இன்னிக்கு ஏழரைக்கே மாத்திரையப் போட்டுட்டாவ. 'டாக்டரு வார நேரமாச்சே'ன்னு நான் கையப் புடிச்சேன். 'அவரு நிப்பாரு, நீ பேசாம இரு'ன்னுட்டுப் போறாவ."

டாக்டர் தாளை மூடினார். பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார். ஐந்து பேரும் காலிப் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ வாளித் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவசரமே இல்லாத ஒரு செருப்புச் சத்தம்.

டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"படுக்கை காலியா இருக்கு சிஸ்டர்."

"ஆமா சார்," என்றார் ஜெபமணி. "ஒன்பது நாளா நான் இதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்."